பால் அறிதல்

தமிழில் ‘பால்’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். தாய்ப்பால் முதல் ரப்பர்ப்பால் வரை வெண்மையாய்ச் சுரப்பதெல்லாம் பால். ஆண், பெண் என இலக்கணம் வகுக்கும் பகுப்பும் பால். மனிதன் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் வந்து கூடும் ஊழையும் பழந்தமிழர் பால் என்றே வழங்கினர். இம்மூன்று பொருளும் ஒரே வீட்டில், ஒரே ஆண்டில் வந்து சேர்ந்த நிகழ்ச்சி ஒன்று தாப்பாவில் உண்டு. அந்நிகழ்ச்சிக்கு நடுவே இருப்பவை இரண்டு பல்லிகள்.

தாப்பா, பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அமைந்த சிறு நகரம். கேமரன் மலைக்குச் செல்லும் பழைய சாலை இந்நகரிலிருந்தே மேலேறத் தொடங்குகிறது. ஒரு காலத்தில் நகரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பின்னர் அவற்றுள் பல செம்பனைக் காடுகளாயின. லயங்களில் வாழ்ந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து, நகரை ஒட்டிய தாமான்களில் குடியேறினர். அப்படிக் குடியேறியவர்களுள் ஒருவரே இக்கட்டுரைக்கு உரியவர். பதினைந்து வயதில் தம் தந்தையின் நிரையில் கத்தி பிடித்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர்.

மரம் சீவுவது எளிய வேலை என்று அறியாதார் கூறுவர். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் கத்தி உள்மரத்தைத் தொட்டுக் காயம் உண்டாகும். காயம்பட்ட இடத்தில் மீண்டும் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாய்த் திரண்டு, பின்னாளில் சீவுவதற்கு உதவாமற் போகும். விடியுமுன் இருளில், நெற்றி விளக்கின் சிறு ஒளியில், இந்த நூலளவு வேறுபாட்டைக் கண் அறிய வேண்டும். அவருடைய கண் அறிந்திருந்தது. காயம் போடாத கைக்காரர் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர். தண்டல்கூட அவருடைய நிரையைச் சோதிக்காமல் கடந்து போவாராம்.

தோட்டம் போயிற்று, பெயரும் அதனோடு போயிற்று. நகரில் அவர் ஒரு கிடங்கின் இரவுக் காவலர். மூத்தவன் வேலை தேடிச் சிங்கப்பூர் சென்றுவிட்டான். வீட்டில் மனைவியும், நான்காம் படிவத்தில் பயிலும் மகளும் இருந்தனர். மகளை மேலே படிக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைக்கும் காவலர் சம்பளத்துக்கும் இடையே இருந்த தூரம் அவர் நடந்து கடக்கக் கூடியதாக இல்லை.

அந்த வேளையில்தான் வதந்தி வந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் பலர் உறக்கம் கெட்டுப் பல்லி தேடித் திரிந்தனர். சுவரில் ஓடும் வீட்டுப் பல்லி அன்று. தோக்கே எனப்படும் பெரும்பல்லி. ஒரு முழம் நீளத்தை நெருங்கி வளரக் கூடியது. சாம்பல் நீல உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் தெளித்தாற் போல் இருக்கும். தன் பெயரைத் தானே கூவும் உயிர்களுள் அதுவும் ஒன்று. ‘தோக்-கே, தோக்-கே’ என்று இரவில் அது எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று. அதன் உடலில் எய்ட்சு நோய்க்கு மருந்து இருக்கிறதென யாரோ சொன்னார்கள். எடை கூடக் கூட விலை பன்மடங்காகும் என்று வேறு யாரோ சொன்னார்கள். ஒரு பெரிய தோக்கேக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் தர ஆள் காத்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஆளைக் கண்டவர் மட்டும் ஒருவரும் இல்லை.

தாப்பாவின் ஒட்டுக்கடைகளிலும் இதுவே பேச்சு. ஒருநாள் மாலை, அறிமுகமான ஒருவன் துணி மூடிய கூண்டோடு அவரிடம் வந்தான்.

“அண்ணே, பிடித்து விற்றால் ஒருமுறைதான் காசு. சோடியாக வைத்து வளர்த்தால் வருடம் முழுதும் காசு. இதோ பாருங்கள். பெரியது ஆண், சிறியது பெண். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள்” என்றான்.

சோடி என்ற சொல் அவருக்குப் புதியதன்று. சீன மருத்துவக் கடைகளில் உலர்த்திய தோக்கேயை மூங்கில் சிம்புகளில் விரித்துக் கட்டி, இணை இணையாக விற்பதை அவர் பார்த்திருக்கிறார். ஓர் இணையில் ஒன்று ஆண், மற்றது பெண் என்பது மரபு. மரபில் உள்ளது கூண்டிலும் இருக்கும் என்று அவர் நம்பினார். மனைவியின் தாலிக்கொடி நீங்கலாக வீட்டில் இருந்த ஒரே நகை, மகளின் காதணி விழாவுக்குச் செய்த சங்கிலி. அது அடகுக்கடைக்குப் போயிற்று. இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட் கைமாறியது. கூண்டு வீட்டுக்கு வந்தது.

கூண்டை இறக்கி வைத்தபோது சமையலறைச் சுவரில் ஒரு வீட்டுப் பல்லி ‘நச், நச்’ என்றது.

“கிழக்குப் பக்கம் சொல்லுகிறது, நல்லதுதான்” என்றார் மனைவி.

பல்லி சொல்லுக்குப் பயன் காணும் வழக்கம் நம்மிடையே சங்க காலம் தொட்டு இருப்பது. பிரிந்து சென்ற தலைவனின் வரவை எண்ணியிருக்கும் தலைவி, பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்வதை அகப்பாடல்களில் காணலாம். பல்லி விழும் பலனைக் கூறும் ஏடுகள், ஆணுக்கு வலம், பெண்ணுக்கு இடம் என்று பிரித்துப் பலன் உரைக்கும். விழுந்த பல்லி ஆணா, பெண்ணா என்று மட்டும் எந்த ஏடும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்னும் பழமொழியும் நம்மிடையே உண்டு. அன்று அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டின் பின்புறம் அவர் மரச்சட்டத்தில் பெரிய கூண்டு ஒன்று செய்தார். தோக்கே ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். முட்டையின் ஓடு கடினமானது; இட்டவுடன் மரத்திலோ சுவரிலோ ஒட்டிக்கொள்ளும். அதனைக் கேட்டறிந்து, முட்டை ஒட்டுவதற்கென்றே ஒரு பலகையை இழைத்துக் கூண்டுக்குள் செங்குத்தாக நிறுத்தினார். இரவு வேலைக்குப் புறப்படும் முன்னும், விடியலில் திரும்பிய பின்னும் அந்தப் பலகையை விளக்கடித்துப் பார்ப்பார். பலகை வெறுமையாகவே இருந்தது.

இரவுகளில் கூண்டிலிருந்து குரல் எழுந்தது. முதலில் ஒரு குரல். சற்று நேரத்தில் மற்றொரு குரல். “புருசன் பெண்சாதி பேசிக்கொள்கின்றன” என்று அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. உரத்த குரலில் கூவித் தன் இடத்தை அறிவிப்பது ஆண் தோக்கேயின் இயல்பு என்று அவள் பள்ளி நூலகத்தில் படித்திருந்தாள். மூன்றாம் வாரம் ஒரு விடியலில், சிறியதன் வால் கூண்டின் அடியில் தனியே கிடந்தது. பெரியதன் தாடையோரம் கீறல்கள் இருந்தன. கணவன் மனைவிக்குள் இவ்வளவு கடும்போரா என்று தாய் வியந்தார். மகளின் ஐயம் வலுத்தது.

அவள் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். ஐம்பால் பாகுபாடு அவளுக்கு மனப்பாடம். உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால். ‘பல்லி வந்தது’ என்று எழுதினால் இலக்கணம் நிறைவடைகிறது. வந்தது ஆணா, பெண்ணா என்று வினைமுற்று கேட்பதில்லை. ஆயினும் நம் முன்னோர் கண்மூடி இருந்தவர் அல்லர். தொல்காப்பிய மரபியல், விலங்குக்கும் பறவைக்கும் உரிய ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் நிரல்படக் கூறுகிறது. களிறும் பிடியும், கலையும் பிணையும், சேவலும் பெடையும் அவ்வாறு வந்தவை. தவழும் உயிர்களின் இளமைக்குப் பறவைக் குஞ்சைப் போலவே பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள் பொருந்தும் என்றும் அவ்வியல் வகுக்கிறது. பல்லிக்கெனத் தனி ஆண்பெயரோ பெண்பெயரோ அதில் இல்லை. ஆணாயின் ஆண் என்றும், பெண்ணாயின் பெண் என்றும் சொல்லலாம் என்ற பொதுவிதி மட்டும் உண்டு. அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்த்தறிய வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அவள் தன் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டாள். ஆசிரியை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார்.

“உருவத்தை மட்டும் நம்பாதே. ஆண் தோக்கே பொதுவாகப் பெரிதாக வளரும், தலையும் அகன்றிருக்கும் என்பது உண்மை. ஆனால், வயதில் இளைய ஆண் சிறிதாகத்தானே இருக்கும்? அடிவயிற்றைப் பார். பின்னங்கால்களுக்கு இடையே, கழிவுத் துளைக்குச் சற்று முன்னால், கூரை முகடு போல் வளைந்த ஒரு வரிசையில் சிறு துளைகள் இருக்கும். வளர்ந்த ஆணிடம் அவை தெளிவாகத் தெரியும். மெழுகு போன்ற பொருள் அவற்றில் கசிந்திருக்கும். பெண்ணிடம் அவை இரா. இருந்தாலும் மங்கலாகவே தெரியும். அடுத்து, கழிவுத் துளைக்குப் பின்னால் வாலின் தொடக்கத்தைப் பார். ஆணின் இனப்பெருக்க உறுப்புகள் இரண்டும் அங்கே உள்மடிந்து கிடப்பதால் இரு புடைப்புகள் தோன்றும். பெண்ணுக்கு அவ்விடம் சமமாக இருக்கும். ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு முடிவு செய்யாதே. இரண்டும் ஒத்து வந்தால் சொல். குஞ்சாக இருந்தால், வளரும் வரை காத்திரு.”

“கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டுமா, ஆசிரியை?”

“வேண்டா. பிடித்தால் அது கடிக்கும், விடாது. நீ பயந்து இழுத்தால் அதற்கு வால் போகும். கண்ணாடியில் ஏறவிட்டுக் கீழிருந்து பார். முதலில் உன் வீட்டுச் சன்னலில் பழகிக்கொள்.”

அன்றிரவு அவள் விளக்கை ஏற்றிவிட்டு, கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றாள். ஈசலை நாடி வந்த வீட்டுப் பல்லிகள் உட்புறக் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிப் படிந்திருந்தன. ஒன்றின் தொடைகளின் அடிப்புறம் நெடுகப் புள்ளி வைத்தாற் போல் துளைகள், அது ஆண். மற்றொன்றின் மெல்லிய வயிற்றுத் தோலினூடே, இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாய் இரண்டு வெண்முட்டைகள் தெரிந்தன. கழுத்தின் இருபுறமும் வெண்மையாய்ச் சிறு வீக்கம். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்தை அது அங்கே சேர்த்து வைத்திருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தலைக்கு மேல் ஓடிய உயிர் ஒன்றை அன்றுதான் அவள் கண்டாள்.

மறுநாள் தந்தை உறங்கும் பகல் வேளையில், பழைய மீன் தொட்டியை இரண்டு நாற்காலிகளின் மேல் பாலம் போல் வைத்தாள். சண்டை தீர்ப்பதற்கென்று தந்தை தனித்தனிப் பெட்டியில் பிரித்து வைத்திருந்த தோக்கேகளை, ஒவ்வொன்றாய்ப் பெட்டியோடு சாய்த்துத் தொட்டிக்குள் இறக்கினாள். தொட்டியின் அடியில் தாயின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து விளக்கடித்தாள். பெரியதற்கு முகட்டு வரிசை தெளிவாக இருந்தது. சிறியதற்கும் இருந்தது. வால் அற்ற இடத்திற்கு மேலே இரு புடைப்புகளும் தெரிந்தன. ஐயத்திற்கு இடமில்லை. இரண்டும் ஆண்.

அறிந்தாயிற்று. அறிந்ததை எப்படிச் சொல்வது? அதுதான் அவளுக்குப் பெருந்துன்பமாயிற்று. ‘ஏமாந்துவிட்டீர்கள், அப்பா’ என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அச்சொல் சங்கிலியை மீட்டுத் தருமா? அவருடைய முகத்தை மட்டும் அது எடுத்துக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் காயம் போடாதவர் என்று பெயரெடுத்த ஒருவருக்கு, பெற்ற மகளே காயம் போடுவதா? இரண்டு நாள் அவள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு இரவும் அவர் வெற்றுப் பலகைக்கு விளக்கடித்துவிட்டே வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் மாலை அவள் கேட்டாள்:

“அப்பா, பட்டையைப் பார்த்தவுடனே இது புதுக் காயம், இது பழைய தழும்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?”

அவர் முகம் மலர்ந்தது. கைகளால் காற்றில் மரம் வரைந்து விளக்கினார். நிறம், கசிவு, முடிச்சு என்று ஒவ்வோர் அடையாளமாகச் சொன்னார். “ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றும், அம்மா. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்” என்று முடித்தார்.

“அப்படியே இதையும் பார்த்துச் சொல்லுங்கள், அப்பா. எனக்குக் கண் பழகவில்லை” என்று சொல்லி, ஆசிரியை வரைந்த படத்தின் படியை அவர் கையில் தந்தாள். முகக்கண்ணாடியைத் தொட்டியின் அடியில் பிடித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். பெரியதைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். துளைகளை வாய்க்குள் எண்ணினார். பிறகு சிறியதைப் பார்த்தார். எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். விளக்கு ஒரே இடத்தில் நின்றது. நெடுநேரம் அவர் நிமிரவில்லை.

“இதற்கும் இருக்கிறதே, அம்மா.”

“ஆமாம், அப்பா.”

“இரண்டும் கடுவனா?”

அவள் விடை கூறவில்லை. அவரே கண்டுவிட்ட ஒன்றுக்கு அவள் விடை தேவைப்படவில்லை.

“இருபது வருடம் பட்டையைப் பார்த்த கண். இந்த ஒருமுறை பட்டையைப் பார்க்காமல் வாயைப் பார்த்துவிட்டது” என்றார் அவர். சிறிது பொறுத்து, “நீ எப்போது கண்டாய்?” என்று கேட்டார்.

“முந்தாநாள்.”

அவர் மகளை ஏறிட்டு நோக்கினார். இரண்டு நாள் அவள் அதைச் சுமந்திருந்தாள் என்பதும், ஏன் சுமந்தாள் என்பதும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிரவு அவர் பலகைக்கு விளக்கடிக்கவில்லை.

விற்றவனுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இன்றித் தோக்கேயை வைத்திருப்பது குற்றம் என்பதையும் மகளே அறிந்து சொன்னாள். அந்த வார இறுதியில் அவர் இரு பல்லிகளையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, வனவிலங்குத் துறையினரிடம் ஒப்படைத்துத் திரும்பினார். சங்கிலியை மீட்க அவர் பதினான்கு மாதங்கள் ஓய்வு நாளிலும் காவலுக்குப் போக வேண்டியிருந்தது.

வதந்தியும் நெடுநாள் வாழவில்லை. எய்ட்சுக்குத் தோக்கே மருந்தாகும் என்பதற்குச் சான்றில்லை. அதை நம்பி உரிய மருத்துவத்தை விடுவது உயிருக்கே கேடாகும் என்று 2011 சூலையில் பிலிப்பீன்சு அரசு எச்சரித்தது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு, தீபகற்ப மலேசியாவில் நடந்த இந்த வேட்டையை ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. 2019இல் செனீவாவில் கூடிய சைட்டிசு மாநாடு, தோக்கேயைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. எடைக்கு விலை என்றதால், மிகுதியும் வேட்டையாடப்பட்டவை பெரியவை. ஆண்களே பெரிதாய் வளர்பவை என்பதை எண்ணினால், கூவும் குரல்கள் எத்தனை அடங்கியிருக்கும் என்று உணரலாம்.

மகள் பல்லியை விடவில்லை. படிக்கப் படிக்க வியப்புகளே வந்தன. உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லிக்கு, முட்டைக்குள் கரு உண்டாகும்போதே ஆண், பெண் என்னும் பிரிவு முடிவாவதில்லை. முட்டை கிடக்கும் இடத்தின் வெப்பமே அதை முடிவு செய்கிறது. 26 பாகை செல்சியசில் ஏறத்தாழ எல்லாம் பெண். 32, 33 பாகையளவில் பெரும்பாலும் ஆண். அதற்கு மேல் இரண்டொரு பாகை கூடினால் மீண்டும் பெண்ணே மிகுதி. ஊழைப் பால் என்றழைத்த முன்னோர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்கள். நம் வட்டாரக் கடலோரங்களிலும் பசிபிக் தீவுகளிலும் வாழும் சிறு பல்லியினம் ஒன்றில் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆணின் துணையின்றியே அது முட்டையிட்டுப் பெண்குஞ்சு பொரிக்கும். இதை மகள் தந்தையிடம் சொன்னபோது, அவர் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“அந்தப் பயலிடம் அந்தப் பல்லியை வாங்கியிருக்கலாம். ஒன்று போதுமே!” என்றார்.

தன் ஏமாற்றத்தைத் தானே எண்ணிச் சிரிக்க முடிகிற நாளில்தான் அது ஆறுகிறது. மகளின் கழுத்தில் அப்போது சங்கிலி இருந்தது.

ஆண்டுகள் கடந்தன. மகள் பயிற்சி முடித்து ஆசிரியையானாள்; மணம் முடித்தாள். இன்று விடுமுறைக்குத் தாப்பாவுக்கு வரும் பேரனுக்கு ஐந்து வயது. மாலையில் விளக்கேற்றியதும் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே நிற்பது அவனுக்கு விளையாட்டு.

“தாத்தா, அது ஆணா, பெண்ணா?”

“தெரியவில்லையே.”

“பிடித்துப் பார்க்கலாமா?”

“பிடிக்கக் கூடாது, ஐயா. கண்ணாடிக்கு வரட்டும்.”

“வரவில்லையென்றால்?”

“நாளைக்குப் பார்ப்போம்” என்கிறார் தாத்தா.

இருவரும் நிற்கிறார்கள். விளக்கொளிக்கு ஈசல் வருகிறது. ஈசலைத் தேடிப் பல்லியும் மெல்லக் கண்ணாடிக்கு வருகிறது.